சுண்ணாம்பு தின்ற நெருப்பு

பழைய சிவன் கோயில் ஒன்றின் மதிலைப் பழுது பார்க்கும் பணி நடந்துகொண்டிருந்தது. சிமெண்ட்டைத் தொடவே கூடாது, சுண்ணாம்புக் காரைதான் என்று ஊரார் உறுதியாக நின்றதைக் கேள்வியுற்று, நண்பர் இருவருடன் நாமும் பார்க்கச் சென்றிருந்தோம். முதிய கொத்தனார் ஒருவர் சுட்ட கல் சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டி நீரை ஊற்றினார். சிறிது நேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு கற்கள் ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கின. நீர் குமிழியிட்டுக் கொதித்தது. எழுந்த ஆவியில் முகம் காட்ட முடியவில்லை. அடியில் விறகில்லை, தணலில்லை. இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது ஐயா என்று வினவினோம்.

"காளவாயிலே தின்ன நெருப்பு சார் அது. தண்ணி பட்டதும் கக்குது" என்றார் அவர், தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

மறுநாள் கல்லூரியில் இதை வேதியியல் துறை நண்பரிடம் சொன்னோம். அவர் சிரித்துவிட்டுத் தம் பாடநூலைப் புரட்டி ஒரு விதியைக் காட்டினார். ஹெஸ் என்பவரின் வெப்பம் மாறாக் கூட்டல் விதி. ஒரு வேதிவினை ஒரே படியில் நிகழ்ந்தாலும் பல படிகளில் நிகழ்ந்தாலும், தொடக்கப் பொருள்களும் முடிவுப் பொருள்களும் அவையே எனில், மொத்த வெப்ப மாற்றம் ஒன்றே. அதன் கீழே, 'இது ஆற்றல் அழிவின்மை விதியிலிருந்து பெறப்படுவது' என்னும் பொருளில் ஒரு வரி. நண்பருக்கு அவ்வரியில் ஐயம் ஏதும் இல்லை. நமக்கோ இலக்கியம் பயின்றவர்க்குரிய ஒரு தீராப் பழக்கம் உண்டு. எந்நூலைக் கண்டாலும் முதலில் அதன் காலத்தைக் கேட்போம். கேட்டோம். ஹெஸ் தம் விதியை வெளியிட்ட ஆண்டு 1840. ஆற்றல் அழிவதில்லை என்று மேயர் எழுதியது 1842இல். ஜூல் வெப்பத்துக்கும் உழைப்புக்குமான ஈட்டை அளந்து அறிவித்தது 1843இல். ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதைப் பொதுவிதியாக நிறுவியது 1847இல். தாயினும் சேய் ஏழாண்டு மூத்தது! இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்பது நம் மரபு அறிந்த முறைதான். ஆனால் இலக்கணத்திலிருந்து இலக்கியம் பிறந்தது என்று மாணவனுக்குக் கற்பித்தால் அது வரலாறாகாது. அந்த ஏழாண்டு இடைவெளியில் என்ன நடந்தது என்று தேடியதன் பயனே இக்கட்டுரை.

கொத்தனாரின் விடையிலிருந்தே தொடங்கலாம். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஐரோப்பியக் கற்றோர் பலரும் ஏறத்தாழ அவர் சொன்னதையே சொல்லிவந்தனர். சூளையின் தீத்துகள்கள் கல்லுக்குள் புகுந்து தங்குவதால்தான் சுட்ட சுண்ணாம்புக்கு அந்தக் காரமும் எரிவும் வருகின்றன என்பது அவர்கள் கொள்கை. ஸ்காட்லாந்து நாட்டு ஜோசஃப் பிளாக் 1750களில் தராசை எடுத்து அதை மறுத்தார். நெருப்பு புகுந்தால் எடை ஏற வேண்டும், குறைந்தபட்சம் குறையாமலேனும் இருக்க வேண்டுமன்றோ? சுண்ணாம்புக்கல்லோ சுடச் சுட எடை இழக்கிறது. இன்றைய கணக்கில் 100 கிராம் தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் எஞ்சுவது 56 கிராமே. மீதி 44 கிராம் ஒரு வளியாக வெளியேறிவிடுகிறது. நாம் கரியமிலவாயு என்று சொல்லும் அதனைப் பிளாக் 'நிலைத்த வளி' என்று அழைத்தார். கல்லுக்குள் ஒன்றும் புகவில்லை, கல்லிலிருந்து ஒன்று போயிற்று. எடையைப் பொறுத்தவரை வழக்கு அத்துடன் முடிந்தது. ஆனால் நீர் ஊற்றியதும் எழும் அந்தச் சூட்டுக்குத் தராசு விடை சொல்லவில்லை. சூட்டை எந்தத் தராசில் நிறுப்பது?

பனிக்கட்டியில் நிறுக்கலாம் என்று காட்டியவர்கள் பாரிஸ் நகரத்து லவாய்சியரும் லாப்லாசும். பனிக்கட்டி உருகும்போது சூடு ஏறாமலேயே வெப்பத்தை உட்கொள்கிறது என்பதும் பிளாக் கண்ட உண்மைதான். பாரிஸார் இருவரும் அதையே அளவுகோலாக்கினர். ஒன்றனுள் ஒன்றாக மூன்று அறைகள் கொண்ட கலம். நடுவே வினை நிகழும் கூடு. அதைச் சுற்றிப் பனிக்கட்டி. வெளிச்சூடு அதைத் தாக்காதிருக்க அதற்கும் வெளியே இன்னொரு பனிக்கட்டி உறை. உள்ளே எழும் வெப்பம் முழுதும் நடு அறையின் பனிக்கட்டியை உருக்கும். உருகி வடிந்த நீரை நிறுத்தால் வெப்பத்தின் அளவு கிடைத்துவிடும். 1782-83ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பனி கிடைத்த நாள்களில் மட்டுமே இச்சோதனைகள் நடந்தன. கரியை எரித்தார்கள். ஒரு கினிப்பன்றியையும் உள்ளே அமர்த்தினார்கள். பத்து மணி நேரத்தில் அச்சிற்றுயிர் 13 அவுன்ஸ் பனிக்கட்டியை உருக்கிற்று. அது வெளிவிட்ட கரியமிலவாயுவுக்கு ஈடான கரியை எரித்தால் எவ்வளவு உருகும் என்று ஒப்பிட்டனர். இரண்டும் முற்றும் ஒத்துவரவில்லை, எனினும் அண்மையில் நின்றன. மூச்சு விடுவதும் ஒருவகை எரிதலே என்னும் முடிவுக்கு அது போதுமானதாக இருந்தது.

1783ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரெஞ்சுக் கழகத்தின் முன் படிக்கப்பெற்ற அவர்களது கட்டுரையில் நம்மைக் கவர்ந்த இடங்கள் இரண்டு. ஒரு சேர்மம் உருவாகும்போது எவ்வளவு வெப்பம் வெளிப்படுகிறதோ அவ்வளவே அதைப் பிரிக்கும்போது தேவைப்படும் என்று அவர்கள் ஒரு கொள்கையாகவே வகுத்துச் சொல்கிறார்கள். கணக்குப் புத்தகத்தின் முதல் வரி இதுவே. அடுத்து, வெப்பம் என்பது ஒரு நுண்பொருளா, துகள்களின் இயக்கமா என்ற வினாவை எழுப்பி, இரு கட்சிகளையும் எடுத்துரைத்துவிட்டு, தீர்ப்பளிக்காமலே நகர்ந்துவிடுகிறார்கள். எது உண்மையாயினும் தங்கள் அளவை செல்லும் என்பது அவர்கள் நிலை. இத்தகைய அடக்கம் அறிவுலகில் எக்காலத்தும் அரிது. லவாய்சியருக்கே அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1789இல் வெளியிட்ட தம் நூலில் தனிமங்களின் பட்டியலில் ஒளிக்கு அடுத்து 'கலோரிக்' என்ற பெயரில் வெப்பத்தையும் ஒரு பொருளாகவே சேர்த்துவிட்டார். 1794ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் புரட்சி அரசின் கொலைக்கருவி அவர் தலையைக் கொய்தது. அவருடைய கைம்பெண்ணைப் பின்னாளில் மணந்த ரம்ஃபோர்டு பிரபுதான், மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய்களைக் குடைகையில் உராய்வாலேயே வெப்பம் தீராது ஊறி வருவதைக் கண்டு, வெப்பம் ஒரு பொருளாக இருக்கவியலாது என்று 1798இல் எழுதியவர். நாடகாசிரியன் ஒருவன் இப்படிப் புனைந்திருந்தால் மிகை என்றிருப்போம்.

இனி ஹெஸ்ஸிடம் வருவோம். ஜெர்மைன் ஹென்றி ஹெஸ் 1802இல் ஜெனீவாவில் பிறந்தவர். சிறு பருவத்திலேயே குடும்பத்துடன் ரஷ்யா சென்றார். இன்று எஸ்டோனியாவில் தார்த்து எனப்படும் டோர்பட் நகரில் மருத்துவம் பயின்று 1825இல் பட்டம் பெற்றார். ஸ்டாக்ஹோம் சென்று அக்கால வேதியியலின் பேராசான் பெர்ஸீலியசுடன் சில காலம் தங்கினார். அந்தச் சில காலமே அவரை வேதியியலுக்கு ஆளாக்கிற்று. பின்பு சைபீரியாவின் இர்குத்ஸ்கில் மருத்துவப் பணி செய்து, 1830இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தார். அவர் ரஷ்ய மொழியில் எழுதிய வேதியியல் பாடநூல் 1831இல் தொடங்கிப் பல பதிப்புகள் கண்டது. கலைச்சொற்கள் உருப்பெறாத மொழியில் ஓர் அறிவியல் பாடநூல் எழுதுவது எத்தகைய பாடு என்பதைத் தமிழ் வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஹெஸ் வெப்பத்தை அளக்கத் தொடங்கியது ஆற்றலைப் பற்றிய சிந்தனையால் அன்று. வேதிப்பொருள்கள் ஒன்றையொன்று நாடும் நாட்டத்தின் வலிமையை அளக்க வழி தேடினார் அவர். (இந்த நாட்டம் என்னும் கருத்து அக்காலத்தில் இலக்கியத்திலும் புகுந்திருந்தது. கதே 1809இல் எழுதிய நாவல் ஒன்றுக்கு இந்த வேதியியல் சொல்லையே தலைப்பாக்கினார். கணவன் மனைவியரிடையே வேற்றார் இருவர் நுழைய, இணைகள் பிரிந்து வேறு இணைகள் கூடும் கதை அது.) நாட்டம் வலுத்தால் சேர்க்கையில் எழும் வெப்பமும் மிகும், ஆகவே வெப்பத்தை அளந்தால் நாட்டத்தை அளந்ததாகும் என்பது ஹெஸ்ஸின் எண்ணம். தனிமங்கள் எளிய முழு எண் விகிதங்களில் சேர்வது போல வெப்பமும் எளிய மடங்குகளில்தான் வெளிப்பட வேண்டும் என்றும் அவர் நம்பினார்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் கந்தக அமிலம். செறிந்த அமிலத்தை அம்மோனியாக் கரைசலால் நேரே நடுநிலையாக்கினார். அவர் கையாண்ட அலகில் 595.8 வெப்பம் கிடைத்தது. அடுத்து, அமிலத்தில் முதலில் சிறிது நீரைக் கலந்தார். அப்போதே 77.8 வெளிவந்துவிட்டது. அந்த நீர்த்த அமிலத்தை நடுநிலையாக்கியபோது எழுந்தது 518.9 மட்டுமே. கூட்டினால் 596.7. இன்னும் சற்று நீர் கலந்தபோது 116.7உம் 480.5உம். கூட்டு 597.2. மேலும் கலந்தபோது 155.6உம் 446.2உம். கூட்டு 601.8. எந்த வழியில் போனாலும் மொத்தம் ஏறத்தாழ அதே 597தான். முன்னே அதிகம் கொடுத்தால் பின்னே குறைகிறது, பின்னே அதிகம் வேண்டின் முன்னே குறைத்துக்கொள்ள வேண்டும். கடன் பத்திரத்தில் தவணையை எப்படிப் பிரித்தாலும் தொகை மாறாதது போல.

இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டுகிறோம். நீர் கலக்கையில் எழுந்த 77.8, 116.7, 155.6 என்னும் மூன்றும் 38.9இன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு. ஹெஸ் தேடிய முழு எண் ஒழுங்கு இது! அவர் உள்ளம் நாடியது இந்த ஒழுங்கைத்தான். பின்வந்தோரின் அளவீடுகளில் அந்த ஒழுங்கு கரைந்துபோயிற்று. இயற்கையில் அப்படி ஒரு மடங்குக் கணக்கு இல்லை. அதே அட்டவணையின் கடைசிப் பத்தியில், அவர் ஆசைப்பட்ட கோட்பாட்டின் துணை தேவையின்றியே, கூட்டுத்தொகை மாறாமல் நின்றுகொண்டிருந்தது. பிழையான கோட்பாட்டின் நிழலில் பிழையற்ற விதி. ஹெஸ்ஸின் பெருமை அவர் அதைக் கண்டுகொண்டதிலும், இரண்டையும் குழப்பாமல் தனி விதியாக எடுத்து நிறுத்தியதிலும் இருக்கிறது என்பது நம் கருத்து. தம் எண்களில் தாம் விரும்பியதை மட்டும் காண்பவர்களே ஆய்வுலகில் அதிகம். இதில் தமிழாய்வும் விலக்கில்லை.

இவ்விதி ஏன் பயனுடையது? நேரே அளக்க இயலாத வெப்பத்தைக் கணக்கால் அறியலாம் என்பதால். 12 கிராம் கரி முற்றும் எரிந்து கரியமிலவாயு ஆனால் 393.5 கிலோஜூல் வெப்பம் வரும். அளப்பது எளிது. அதே கரி பாதி எரிந்து, கரியடுப்பு மூட்டிய பூட்டிய அறையில் உயிர் குடிக்கும் கார்பன் மோனாக்சைடு ஆவதில் எவ்வளவு வரும்? வினையைச் சரியாக அந்தப் பாதியில் நிறுத்திவைக்க முடியாது, எனவே அளப்பதும் இயலாது. ஆனால் மோனாக்சைடைத் தனியே எரித்து அளக்கலாம். 283. எனவே முதற்பாதி 110.5. வைரமும் கரிதான் என்பதால் அதையும் எரிக்கலாம். 12 கிராம் வைரம் தருவது 395.4 கிலோஜூல். பென்சில் முனையின் கிராஃபைட்டைவிட 1.9 மிகுதி. ஆகவே கிராஃபைட்டை வைரமாக மாற்றினால் அந்த 1.9 உள்ளே போக வேண்டும். அந்த மாற்றத்தை எவரும் ஒரு வெப்பமானிக்குள் நிகழ்த்திப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

இனி அந்த ஏழாண்டு. ஹெஸ்ஸின் கட்டுரை 1840இல் பிரெஞ்சிலும், பெர்லினில் போகன்டார்ஃப் நடத்திய புகழ்பெற்ற ஆய்விதழில் ஜெர்மன் மொழியிலும் வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ராட்டர்டாம் துறையிலிருந்து கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்பட்ட ஒரு கப்பலில் மருத்துவராகச் சென்றவர் இராபர்ட் மேயர். வயது 25. ஜாவாத் தீவின் சுரபயாவில் நோயுற்ற மாலுமிகளுக்கு அக்கால வழக்கப்படி சிரையைக் கீறி இரத்தம் எடுத்தபோது, கருஞ்சிவப்பாக வரவேண்டியது ஒளிச்சிவப்பாக வந்தது. தமனியை வெட்டிவிட்டோமோ என்றே அவர் அஞ்சினார். பிறகு லவாய்சியர் நினைவுக்கு வந்தார். உடல் வெப்பம் மெதுவான எரிதலால் வருவது. வெப்பநாட்டில் உடலுக்குக் குறைந்த எரிதலே போதும், எனவே இரத்தம் தன் உயிர்வளியை முழுதும் செலவிடாமல் சிவந்தே திரும்புகிறது. அங்கிருந்து மேயரின் சிந்தை ஒரே தாவலாகத் தாவியது. உண்ட உணவு எரிந்து தருவது உடற்சூடு மட்டுமன்று, கை கால்களின் உழைப்பும் அதிலிருந்தே வருகிறது. அப்படியானால் சூடும் உழைப்பும் ஒரே முதலின் இரு செலவுகள். ஆற்றல் அழிவின்மை என்னும் கருத்து மேயரின் உள்ளத்தில் முளைத்தது நீராவி எந்திரத்தைக் கண்டன்று. பாரிஸில் கினிப்பன்றி உருக்கிய பனிக்கட்டியின் தொடர்ச்சியாக, வேதிவினையின் வெப்பத்திலிருந்துதான்.

ஊர் திரும்பிய மேயர் 1841இல் எழுதிய கட்டுரையை அதே போகன்டார்ஃபுக்கு அனுப்பினார். ஹெஸ்ஸை அச்சிட்ட இதழ் மேயரை அச்சிடவில்லை, பதிலும் எழுதவில்லை. அக்கட்டுரையில் இயற்பியல் பிழைகள் இருந்தமை உண்மை. திருத்தி எழுதியதை 1842இல் லீபிக் தம் வேதியியல் இதழில் வெளியிட்டார். 1847இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதியதையும் போகன்டார்ஃப் ஏற்கவில்லை. அது தனி நூலாக வெளிவந்தது. மேயருக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை. பிள்ளைகளை இழந்தார். 1850இல் மாடிச் சாளரத்திலிருந்து குதித்து உயிர் தப்பினார். மனநல விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தார். 1862இல் இலண்டனில் டிண்டல் அவருக்காகக் குரல் கொடுத்த பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. 1871இல் காப்ளி பதக்கம் வந்தது.

ஹெஸ்ஸுக்கு அத்தகைய துயரங்கள் இல்லை, அத்தகைய மீட்பரும் அவர் வாழ்நாளில் இல்லை. 1850இல் 48ஆம் வயதில் மறைந்தார். அடுத்த தலைமுறையில் டென்மார்க்கின் தாம்சனும் பிரான்சின் பெர்த்தலோவும் ஆயிரக்கணக்கான வினைகளின் வெப்பத்தை அளந்து குவித்தனர். வெப்பம் உமிழ்வன, வெப்பம் கொள்வன என்று வினைகளைப் பிரித்துப் பெயரிட்டவர் பெர்த்தலோ. அதிக வெப்பம் தரும் திசையிலேயே வினை செல்லும் என்று இருவரும் சொன்னது நிலைக்கவில்லை. நவச்சாரத்தை நீரில் போட்டால் கலம் குளிர்கிறது, ஆயினும் கரையத்தான் செய்கிறது. அவர்கள் குவித்த எண்கள் அனைத்தையும் ஒன்றோடொன்று பிணைத்தது ஹெஸ்ஸின் கூட்டல்தான். பெயர் மட்டும் பின்னுக்குப் போயிற்று. ஹெஸ் பயின்ற அதே டோர்பட்டில் பயின்ற வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 1889இல் அறிவியல் மூலநூல்களின் வரிசை ஒன்றைத் தொடங்கினார். முதல் எண் ஹெல்ம்ஹோல்ட்ஸின் 1847 நூல். ஹெஸ்ஸின் கட்டுரைகள் மறு ஆண்டு ஒன்பதாம் எண்ணாக வந்தன. அந்த வரிசையிலும் இலக்கணம் முன்னே, இலக்கியம் பின்னே!

நண்பர் விடவில்லை. வெப்பமும் உழைப்பும் ஒன்று மற்றொன்றாகும் என்று ஹெஸ் எங்கே சொன்னார் என்று கேட்டார். சொல்லவில்லை. வெப்பத்தை ஒரு பொருளாகக் கொண்டாலும் அவர் விதி நிற்கும், இயக்கமாகக் கொண்டாலும் நிற்கும். லவாய்சியரும் லாப்லாசும் 1783இல் தீர்ப்பளிக்காமல் நகர்ந்த அதே இடத்தில்தான் அவரும் நின்றார். ஆற்றல் விதியை ஹெஸ் கண்டார் என்று நாம் வாதாடவில்லை. ஒரு விதி மற்றொன்றில் அடங்குவது தருக்க முறை. அது மற்றொன்றிலிருந்து பிறந்தது என்பது வரலாற்றுக் கூற்று. பாடநூலின் அந்த ஒரு வரி முன்னதைச் சொல்லப்போய்ப் பின்னதைச் சொல்லிவிடுகிறது. 'பெறப்படுவது' என்பதற்கு மாற்றாக 'அடங்குவது' என்றிருந்தால் நமக்கு வழக்கில்லை. நண்பர் இதை ஒப்பினாரா என்று கேட்காதீர்கள். பென்சிலை எடுத்து அந்தச் சொல்லின் கீழ் ஒரு கோடு மட்டும் இட்டார்.

பிறகு நமக்காக ஒரு தாளில் கொத்தனாரின் கணக்கைப் போட்டுக் காட்டினார். 100 கிராம் சுண்ணாம்புக்கல் சுட்ட சுண்ணாம்பாக மாற உட்கொள்வது 178 கிலோஜூல். காளவாயின் புகைபோக்கியில் வீணாவது வேறு கணக்கு. கிடைத்த 56 கிராமில் நீர் ஊற்றினால் 65 வெளிவருகிறது. தொட்டியில் நாம் கண்ட கொதிப்பு அது. அப்படியானால் கொத்தனார் சொன்னது மூன்றிலொரு பங்குதானே மெய் என்றோம். மீதி 113 எங்கே? அது சுவரில் இருக்கிறது என்றார் நண்பர். நீற்றிய சுண்ணாம்பு காரையாகிச் சுவரில் ஏறியபின் காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாகிறது. காளவாயில் போன அதே 44 கிராம் திரும்பி வருகிறது. அப்போது அந்த 113உம் வெளியேறுகிறது. 65உம் 113உம் 178. கூட்டல் சரியாக இருந்தது.

அடுத்த ஞாயிறன்று மீண்டும் அக்கோயிலுக்குச் சென்று புதிதாகப் பூசிய மதிலில் கையை வைத்துப் பார்த்தோம். குளிர்ச்சியாகவே இருந்தது. உள்வரை இறுக எவ்வளவு நாளாகும் என்று கேட்டதற்கு, "நம்ம காலத்துக்குள்ள முடியாது சார்" என்றார் கொத்தனார்.